ஒல்லியான உடல்வாகும் மார்பக இம்ப்ளான்ட் மறு அறுவை சிகிச்சையும்: முடிவெடுக்கும் முன் ஒரு வழிகாட்டி

ஒல்லியானவர்களுக்கு மார்பக இம்ப்ளான்ட்டில் வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். இம்ப்ளான்ட்டை மூடி மறைக்கும் அளவுக்கு மேலே சதை இல்லை. தோல், அதற்கு அடியிலுள்ள கொழுப்பு, மார்பகச் சுரப்பி, மார்புத் தசை ஆகிய நான்கும் சேர்ந்த அந்தப் படலத்தை இந்தக் கட்டுரையில் மேல்சதை என்றே சொல்லிக்கொள்வோம். முதல் ஆபரேஷனிலேயே அது இழுபட்டு மெலிந்திருக்கும். ஒவ்வொரு மறு ஆபரேஷனும் அதில் இன்னும் கொஞ்சத்தைக் குறைக்கும். அதனால் எந்த இம்ப்ளான்ட், எத்தனை சிசி என்ற பேச்சுக்கு முன்னால், மிச்சம் இருக்கும் மேல்சதை எவ்வளவு, அதைக் காப்பாற்றிக்கொண்டே எதைச் சரிசெய்ய முடியும் என்று கணக்குப் போட வேண்டும்.

1. குறை என்ன என்று பிரித்துப் பாருங்கள்

“பார்க்க நன்றாக இல்லை” என்று மட்டும் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போனால், பேச்சு பெரும்பாலும் அளவை மாற்றுவதில்தான் போய் முடியும். குறை இன்னதென்று தெரிந்தால்தான் வைத்தியம் எதுவென்று தெரியும்.

ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு நேராக, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பில் கைவைத்து அழுத்தி, முன்னால் குனிந்து, கடைசியாக மல்லாந்து படுத்து என்று ஐந்து நிலைகளில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

குனியும்போது மேல்பக்கத்திலோ ஓரத்திலோ அலை அலையாகச் சுருக்கம் விழுந்தால் அது ரிப்ளிங். ஒல்லியானவர்களின் முதல் புகார் இதுதான். இடுப்பை அழுத்தும்போது இம்ப்ளான்ட் மேலும் வெளியேயுமாக நகர்ந்து, மார்பின் நடுவே ஒரு மடிப்பு விழுந்தால், இம்ப்ளான்ட் தசைக்கு அடியில் இருக்கிறது, தசை சுருங்கும்போது அதைத் தள்ளுகிறது என்று அர்த்தம். படுக்கும்போது இரண்டும் அக்குள் பக்கம் ஓடினால், இம்ப்ளான்ட் உட்கார உள்ளே பிரித்த இடம், அதாவது பை, அகலமாகிவிட்டது. கீழ்மடிப்பில் இருந்த தழும்பு மார்பகத்தின் மேல் ஏறிவந்து, காம்பு மேல்நோக்கிப் பார்த்தால், இம்ப்ளான்ட் கீழே இறங்கிவிட்டது. நெஞ்சு நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் மறைந்து இரண்டும் ஒட்டினாற்போல் தெரிந்தால், உள்பக்கச் சுவரை அளவுக்கு மீறி வெட்டியிருக்கிறார்கள், அல்லது இம்ப்ளான்ட் நெஞ்சுக்கூட்டைவிட அகலம்.

கல்லாக இறுகினால் அது கேப்சூல் சுருக்கம். எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் உடல் ஒரு நார் உறையை வளர்க்கும். அது கேப்சூல். அது சுருங்கினால் இம்ப்ளான்ட்டைப் பிழியும். மருத்துவர்கள் இதை பேக்கர் அளவில் நான்கு நிலையாகச் சொல்வார்கள். 1 மென்மை. 2 கொஞ்சம் இறுக்கம், பார்க்க இயல்பு. 3 இறுக்கத்தோடு வடிவமும் கெட்டது. 4 வலியும் சேர்ந்தது. பொதுவாக 3, 4 நிலைகளில்தான் ஆபரேஷன் பேச்சு எழும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மார்பகத்தின் கீழ் வெளிப்பக்க ஓரத்தில் விரலால் தொட்டால் மட்டும் தெரியும் சுருக்கம், ஒல்லியான உடலில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். அந்த இடத்தில் தசையும் கிடையாது, சதையும் மெல்லிசு. எந்த ஆபரேஷனும் அதை முழுதாக நீக்காது. கண்ணுக்குத் தெரியாத, தொட்டால் மட்டும் தெரியும் சுருக்கத்துக்காக ஆபரேஷன் மேசையில் படுப்பது, எங்கள் கருத்தில், வேண்டாத வேலை.

2. பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள்

இரண்டு தாள்கள் முக்கியம். ஒன்று இம்ப்ளான்ட் அட்டை. நிறுவனம், மாடல், கொள்ளளவு, விட்டம், முன்னோக்கிய உயரம், மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். மற்றொன்று ஆபரேஷன் குறிப்பு. வெட்டு எங்கே, பை தசைக்கு மேலா கீழா, தசையின் அடிப்பகுதியை எவ்வளவு விடுவித்தார்கள், தாங்குவதற்கு உள்ளே வலை வைத்துத் தைத்தார்களா என்பது அதில் எழுதியிருக்கும். டிஸ்சார்ஜ் தாள் போதாது. ஆபரேஷன் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மேற்பரப்பு ஏன் முக்கியம் என்றால், சொரசொரப்பான இம்ப்ளான்ட்டைச் சுற்றிய கேப்சூலில் ஒருவகை லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், அபூர்வமாக வருவது உறுதியாகியிருக்கிறது. அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை 2019 ஜூலையில் உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றது அதனால்தான். அந்த வகை உள்ளே இருந்து, எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், உடனே எடுத்தாக வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்லவில்லை. ஆனால் வேறு காரணத்துக்காக எப்படியும் திறக்கப் போகிறீர்கள் என்றால், இந்தத் தகவல் மருத்துவரின் திட்டத்தையே மாற்றும்.

3. ஸ்கேன்

உப்புநீர் இம்ப்ளான்ட் கிழிந்தால் சில நாட்களிலேயே சப்பிப்போய்த் தெரிந்துவிடும். சிலிகான் ஜெல் கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். எம்ஆர்ஐ இதை நன்றாகக் காட்டும். அல்ட்ராசவுண்டும், பழக்கமான கை பார்த்தால், உதவும். அமெரிக்க நிர்வாகத்தின் பரிந்துரைப்படி, சிலிகான் வைத்தவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் 5-6 ஆண்டில் முதல் ஸ்கேனும், பிறகு 2-3 ஆண்டுக்கு ஒருமுறையும் எடுக்க வேண்டும். வயதுக்குரிய மேமோகிராமையும் ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு எடுத்தால் புதிய தழும்பும் பழைய சந்தேகமும் படத்தில் கலந்து குழப்பும்.

4. அளவெடுப்பு: முடிவு இங்கேதான் தீர்மானமாகிறது

நல்ல மருத்துவர் மாதிரி இம்ப்ளான்ட்களைக் காட்டும் முன் டேப்பையும், தடிமன் அளக்கும் காலிப்பரையும் எடுப்பார். அவர் குறித்துக்கொள்ளும் எண்களை நீங்களும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் எண், மார்பகத்தின் மேல்பகுதியில் சதையைக் கிள்ளிப் பிடித்தால் வரும் தடிமன். 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் மேல்பகுதியைத் தசையால் மூடுவதுதான் பாதுகாப்பு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஒல்லியானவர்களில் பலருக்கு இது 2-ஐத் தொடாது.

இரண்டாவது, மார்பகத்தின் அடி அகலம். அதிலிருந்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் கிள்ளிய தடிமன்களின் கூட்டுத்தொகையில் பாதியைக் கழித்தால், தாங்கக்கூடிய இம்ப்ளான்ட் விட்டம் கிடைக்கும். அடி அகலம் 11.5 செ.மீ., உள்பக்கக் கிள்ளல் 1, வெளிப்பக்கம் 1.4 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2.4, பாதி 1.2. ஆக விட்டம் சுமார் 10.3 செ.மீ. அட்டையில் 12 என்று இருந்தால், ஓரம் ஏன் தெரிகிறது என்பதற்கு விடை கையிலேயே இருக்கிறது.

மூன்றாவது, தோலை இழுத்துப் பிடித்து அளக்கும், காம்பிலிருந்து கீழ்மடிப்பு வரையிலான தூரம். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு பக்கம் 8, மறுபக்கம் 10 என்றால் நீளமான பக்கத்தில் இம்ப்ளான்ட் இறங்கியிருக்கிறது, அங்கே மடிப்பைத் தைத்து ஏற்ற வேண்டும்.

எடையையும் மறக்க வேண்டாம். சிலிகான் ஜெல் ஒரு சிசிக்கு ஏறத்தாழ 1 கிராம். 400 சிசி என்றால் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 400 கிராம், தூக்கத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் கீழ்த்தோலை இழுத்துக்கொண்டே இருக்கும்.

5. என்னென்ன வழிகள், எது எங்கே சறுக்கும்

*பெரிதாக்குவது.* ரிப்ளிங்குக்கு இதைத்தான் பலர் முதலில் கேட்கிறார்கள். பெரிய இம்ப்ளான்ட் தோலை இழுத்து நிரப்புவதால் சில காலம் சுருக்கம் குறைந்ததுபோல் தெரியும். பிறகு கூடுதல் எடையும் அழுத்தமும் மேல்சதையை மேலும் மெலிய வைக்க, சுருக்கம் முன்பைவிட அதிகமாகத் திரும்பும். மூன்றாவது ஆபரேஷனுக்கு வரும்போது தைக்கக்கூடச் சதை இருக்காது. ஒல்லியான உடலில் ரிப்ளிங்குக்காக அளவைக் கூட்டச் சொல்லும் ஆலோசனையை ஏற்பதற்கு முன் இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

*சிறிதாக்குவது, ஜெல்லை மாற்றுவது.* பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் முதலில் யோசிக்கச் சொல்வது இது. அகலம் அளவுக்குள் அடங்கிய, கெட்டிப்பு கூடிய ஜெல் நிரப்பிய இம்ப்ளான்ட் குறைவாக மடியும். உப்புநீரிலிருந்து ஜெல்லுக்கு மாறினாலே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வரும். ஏனென்றால் உப்புநீர்ப் பை, பாதி நிரம்பிய தண்ணீர்ப் பாக்கெட் போல ஓரத்தில் மடிந்துகொண்டே இருக்கும். ஆனால் கெட்டி ஜெல் தொடுவதற்குக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மெல்லிய சதைக்கு அடியில் அந்த விறைப்பும் கைக்குத் தெரியும். அளவைக் குறைத்தால் பழைய பை பெரிதாக இருக்கும். அதைத் தைத்துச் சுருக்காமல் சிறிய இம்ப்ளான்ட்டை வைத்தால் அது உள்ளே திரியும், புரளும். “அளவைக் குறைத்தால் பையை என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பதிலில் தையலைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்றால் யோசியுங்கள்.

*பையின் இடத்தை மாற்றுவது.* இம்ப்ளான்ட் தசைக்கு மேல் இருந்து மேல்விளிம்பு தெரிந்தால், அதைத் தசைக்கு அடியில் கொண்டுபோவது வழக்கமான தீர்வு. மேல்பாதி தசையாலும் கீழ்பாதி சுரப்பியாலும் மூடப்படும். இதை டூயல் பிளேன் என்பார்கள். எதிர்த்திசையிலும் போகலாம். தசை அசையும்போது வடிவம் கெடுகிறது என்பவர்களுக்கு இம்ப்ளான்ட்டைத் தசைக்கு மேலே மாற்றினால் அந்த அசைவு நின்றுவிடும். ஆனால் ஒல்லியான உடலில் அதற்கு விலையாக ரிப்ளிங்கும் விளிம்பும் வெளியே வரும். வலையோ கொழுப்போ சேர்க்காமல் இந்த மாற்றத்தைச் செய்தால் ஒரு குறையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியதாகத்தான் முடியும். அசைவு லேசானது, உடற்பயிற்சியின்போது மட்டும் தெரிகிறது என்றால் தசைக்கு அடியிலேயே விட்டுவிடுவது நல்லது.

*பையைத் தைப்பது.* இறங்கியது, நடுவில் ஒட்டியது, அக்குளுக்கு ஓடுவது ஆகிய மூன்றுக்கும் இதுவே அடிப்படை. இங்கே மருத்துவருக்குக் கைகொடுப்பது பழைய கேப்சூல்தான். மெல்லிய சதையில் தையல் போட்டால் அறுத்துக்கொண்டு வந்துவிடும், கேப்சூலின் நார் தையலைத் தாங்கும். தசைக்கும் கேப்சூலின் முன்சுவருக்கும் நடுவே புதிதாக ஒரு பையைப் பிரித்து, பழைய பையை மூடிவிடும் முறையும் உண்டு. நடுவில் ஒட்டிய மார்பகங்களுக்கு அது நம்பகமானது.

*வலை.* பதப்படுத்தி உயிரணுக்களை நீக்கிய தோல், அல்லது காலப்போக்கில் கரையும் செயற்கை வலை. தைத்த இடத்தைத் தாங்கும். பதப்படுத்திய தோல் என்றால் ஓரளவு தடிமனும் சேரும். செலவு கூடும். திரவம் தேங்குவதும் தொற்றும் வர வாய்ப்பு உண்டு. எல்லோருக்கும் தேவையில்லை, தையல் ஏற்கெனவே ஒருமுறை விட்டுப்போனவர்களுக்கு அவசியம் என்றே சொல்லலாம்.

*கொழுப்பு மாற்றம்.* மேல்சதையைக் கூட்டும் நேரடி வழி. சிக்கல் என்னவென்றால், யாருக்குத் தேவையோ அவர்களிடம்தான் எடுக்கக் கொழுப்பு இல்லை. உள்தொடை, இடுப்பின் பக்கம், முழங்காலின் உள்பக்கம் என்று பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஒரே இடத்தில் சுரண்டினால் ஒல்லியான தொடையில் பள்ளம் விழும். வைத்ததில் ஒரு பகுதிதான் உயிர்பிடிக்கும், பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை என்று எதிர்பார்க்கலாம். 3-6 மாதம் விட்டு இரண்டாம் சுற்றும் தேவைப்படலாம். கொழுப்புக்காக வேண்டுமென்றே எடை கூட்டாதீர்கள். எடை இறங்கும்போது வைத்த கொழுப்பும் இறங்கும். உயிர்பிடிக்காத கொழுப்பு நீர்க்கட்டியாகவோ சுண்ணாம்புப் புள்ளியாகவோ மேமோகிராமில் தெரியலாம், அதனால் பிற்பாடு ஸ்கேன் எடுப்பவரிடம் இந்தச் சிகிச்சையைச் சொல்ல வேண்டும்.

*கேப்சூலை எடுப்பது.* ஒல்லியானவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கேப்சூல் முழுவதையும் இம்ப்ளான்ட்டோடு ஒரே கட்டியாக எடுத்தால்தான் சுத்தம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. லிம்ஃபோமா உறுதியானால் அது கட்டாயம்தான். தடித்து இறுகிய, சுண்ணாம்பு படிந்த கேப்சூலையும் எடுக்க வேண்டும். மற்றபடி, தசைக்கு அடியில் வைத்த இம்ப்ளான்ட்டின் கேப்சூல் பின்பக்கம் விலா எலும்போடும் அதன் இடைத்தசையோடும் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்கும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும் ஆபத்து, மெல்லிய நெஞ்சுக்கூட்டில் கூடுதல். முன்சுவரை எடுத்தால் மேல்சதை இன்னும் மெலியும். இம்ப்ளான்ட்டால் சோர்வு, மூட்டுவலி, மறதி என்று பலர் சொல்கிறார்கள். இதை உறுதிசெய்யும் தனிச் சோதனை எதுவும் இல்லை. எடுத்தபின் பலருக்கு நிவாரணம் கிடைக்கிறது. ஆனால் கேப்சூலை முழுதும் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் அந்த நிவாரணத்தில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை.

*எடுத்துவிட்டு, வைக்காமலே இருப்பது.* இதையும் ஒரு முழுமையான தீர்வாக மேசையில் வையுங்கள். முதலில் தட்டையாகவும் தொய்ந்தும் தெரியும். தோல் மாதக்கணக்கில் சுருங்கி ஓரளவு மீளும். இம்ப்ளான்ட் அழுத்திய இடத்தில் விலாவில் லேசான குழிவு இருக்கலாம். மேல்சதை மிகவும் மெலிந்துபோனவர்களுக்கும் தொற்று வந்தவர்களுக்கும், எடுத்துவிட்டு 3-6 மாதம் காத்திருந்து, சதை தேறிய பிறகு சிறியதை வைப்பது, ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்வதைவிடப் பாதுகாப்பானது.

6. எப்போது, எந்த உடல்நிலையில்

முந்தைய ஆபரேஷன் முடிந்து குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம். தொற்று, இரத்தக் கசிவு, தோலில் ஓட்டை போன்ற அவசரங்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பாலூட்டுவதை நிறுத்தி 3-6 மாதம் ஆகட்டும். எடை சில மாதங்களாக ஒரே நிலையில் நிற்க வேண்டும். எடைகுறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்று, எடை இறங்க இறங்க மேல்சதையும் குறையும், இன்று எடுத்த அளவு நாளை பொய்யாகும். இரண்டு, அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருந்தால் முதலில் உணவைச் சரிசெய்யுங்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், அதாவது 50 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 60-75 கிராம், புண் ஆறுவதற்கு உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ஏற்றிக்கொண்டு போங்கள்.

புகைப்பதை முன்னும் பின்னும் 4-6 வாரம் நிறுத்த வேண்டும். நிகோட்டின் சூயிங்கமும் ஒட்டும் பட்டையும் இதில் அடக்கம். நிகோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். மெல்லிய தோலில் அது நேராகத் தோல் கருகுவதில் போய் முடியும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய், மூலிகை மாத்திரைகள் என்று சாப்பிடும் எல்லாவற்றையும் பட்டியலாகக் கொடுத்து, எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடமே கேளுங்கள். இதயத்துக்காக எடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

7. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

முதல் முறை இம்ப்ளான்ட் வைப்பதற்கும் மறு ஆபரேஷனுக்கும் வேண்டிய கைப்பழக்கம் வேறு. என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களுக்குச் செய்த மறு ஆபரேஷன்களின் படங்களை, ஒரு வருடம் கழித்து எடுத்தவற்றை, காட்டுங்கள் என்று கேளுங்கள். ஆறு வாரப் படம் எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும்.

உள்ளே திறந்த பிறகு எதிர்பாராதது தெரிந்தால் மாற்றுத் திட்டம் என்ன, எதற்கெல்லாம் இப்போதே சம்மதம் கேட்கிறீர்கள், எதைக் கேட்காமல் செய்ய மாட்டீர்கள்? எடுத்த கேப்சூலும் திரவமும் ஆய்வகத்துக்குப் போகுமா? மயக்க மருந்து யார் கொடுக்கிறார்? மறுபடி திறக்க நேர்ந்தால் செலவு யாருடையது? இந்தப் பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

8. ஆபரேஷனும் அதன் பிறகும்

முழு மயக்கத்தில், சிக்கலைப் பொறுத்து 2-4 மணி நேரம். கேப்சூலை எடுத்திருந்தால் வடிகுழாய் இருக்கும். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்கும் குறைவாக வடியத் தொடங்கினால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். வடிந்த அளவை நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அன்றே எழுந்து நடங்கள். முதல் இரண்டு வாரம் முதுகைச் சாய்த்து, மல்லாந்து தூங்குங்கள். 2-3 கிலோவுக்கு மேல் 4-6 வாரம் தூக்க வேண்டாம், மார்புத் தசைக்கான பயிற்சி 6-8 வாரம் வேண்டாம். பையைத் தைத்தவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு, ஏனென்றால் தையல் விடுவது பெரும்பாலும் “வலியே இல்லை” என்று கையை வீசத் தொடங்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான். மருத்துவர் சொன்ன பிராவை இரவும் பகலும் போடுங்கள். கம்பி வைத்தது வேண்டாம். ஒல்லியானவர்களுக்குப் பிராவின் விளிம்பும் பட்டையும் விலா எலும்பில் அழுத்திப் புண்ணாக்கும்; தினமும் ஒருமுறை கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் மாதத்தில் ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் இருக்கலாம். வீக்கம் வடிய வடிய, மறைந்திருந்த சிறு சுருக்கங்கள் வெளியே தெரியும். வடிவம் நிலைக்க 3-6 மாதம், தழும்பு மங்க ஒரு வருடம்.

ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி இறுகினால் உள்ளே இரத்தம் கட்டுகிறது, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், தோல் கருமையாவது அல்லது மினுமினுப்பாக மெலிவது, இவற்றுக்கும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்து, ஒரு காலின் கெண்டைச்சதையில் வலியும் வீக்கமும் என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவு. காலைவரை காத்திருக்கக் கூடாது.

ஒரு வருடத்துக்குப் பிறகு எப்போதாவது ஒரு பக்கம் காரணமில்லாமல் வீங்கினால் அல்ட்ராசவுண்ட் எடுத்து, திரவம் இருந்தால் ஊசியால் எடுத்து, சிடி30 சோதனைக்கு அனுப்பச் சொல்லிப் பெயரோடு கேளுங்கள். லிம்ஃபோமாவைத் தேடும் சோதனை அது. சாதாரணத் திரவப் பரிசோதனையில் அது விட்டுப்போகலாம். புதிய இம்ப்ளான்ட் அட்டையையும் ஆபரேஷன் குறிப்பையும் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள், வீட்டில் ஒருவரிடம் அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லி வையுங்கள்.